பாட்டி வீட்டுச் சாமான்களைப் புது வீட்டில் எங்கே வைப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்; வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். தக்கலைப் பக்கம் உங்கள் பாட்டியின் ஓட்டு வீட்டை இடிக்கப் போகிறார்கள். அங்கே கிடந்த பத்தாயம் (நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டி), உருளிகள் (அகன்ற வார்ப்புப் பாத்திரங்கள்), பரணிகள் (பீங்கான் ஜாடிகள்), தாத்தாவின் பனையேற்றுச் சாமான்கள், சட்டம் போட்ட பழைய படங்கள், பாட்டி பின்னிய லேஸ், அப்பா சேர்த்துவைத்த திருவிதாங்கூர்ச் சக்கரக் காசும் அஞ்சல் தலையும், ஓர் ஊஞ்சல் பலகை எல்லாம் உங்கள் பங்குக்கு வந்திருக்கின்றன. நாகர்கோவிலில் கட்டிக்கொண்டிருக்கும் வீடு 1,100 சதுர அடி. கூரை இன்னும் வார்க்கவில்லை. "ஒண்ணையும் விட மனசில்லை. ஆனா வீடு மியூசியம் மாதிரியும் இருக்கப்பிடாது, ஆக்கர் கடை (பழைய சாமான் கடை) மாதிரியும் இருக்கப்பிடாது. அண்ணன்தான் ஒரு வழி சொல்லணும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

பழைய மரச்சாமான்களைச் சீராக்கிக் கொடுப்பது என் தொழில். அதனால் நான் சொல்வதில் பாதி அழகைப் பற்றியும் மீதி சிதலையும் (கரையான்) உப்புக்காற்றையும் பற்றியும்தான் இருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற நம் மாவட்டத்தில் அவற்றை விட்டுவிட்டு அழகை மட்டும் பேசிப் பயனில்லை.

முதல் வேலை கழிப்பது. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுங்கள். புது வீட்டில் இதற்கு ஏதாவது வேலை உண்டா? இல்லையென்றால், இது யாருடையது, என்ன செய்தார்கள் என்று உங்கள் பிள்ளைகளுக்கு நாலு வரி சொல்ல முடியுமா? இரண்டுக்கும் பதில் இல்லாத பொருள் வெறும் பழசு. ஏழு உருளி இருந்தால் இரண்டு போதும். மீதியைச் சித்தி, மைனி, அத்தை மக்கள் என்று கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். எவர்சில்வர் வந்த காலத்தில் நம் ஊரில் எத்தனையோ வீடுகள் வெண்கலத்தை எடைக்குப் போட்டு மினுமினுக்கிற தட்டு வாங்கின. அந்தத் தவறை இன்னொரு முறை செய்ய வேண்டாம். கொடுப்பதற்கு முன் எது யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடுங்கள். மூக்கு வைத்த ஒரு கிண்டிச் செம்புக்காகப் பத்து வருஷம் பேசாமல் இருக்கிற உடன்பிறப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு வைத்தால் போதும் என்பதற்குப் படம் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. பாட்டி வீட்டுக்குப் போகிற வழியில் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. பூமுகத்தில், அதாவது வாசல் மண்டபத்தில், என்ன இருக்கிறது? மேலிருந்து தொங்கும் குதிரை விளக்கு, ஒரு கருங்கல் கட்டில், சீனப் பாணியில் ஒரு நாற்காலி, சுவரில் ஓணவில்கள் (வில் வடிவில் வண்ணம் தீட்டிய பலகைகள்). அவ்வளவுதான். கூரையில் 90 விதப் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். அந்தச் செதுக்கலைக் கண் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கீழே எல்லாவற்றையும் குறைத்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றும். தரை கறுப்பாகப் பளபளக்கிறது, சுவர் வெள்ளை, நடுவில் மரம். ராஜா வீட்டிலேயே ஓர் அறையில் நாலைந்து பொருள்தான். உங்கள் ஹாலில் ஒரு பெரிய பொருள், ஒரு சுவரில் ஒரு தொகுப்பு, ஒரு விளக்கு. அதற்கு மேல் வேண்டாம். மீதியை மச்சில் துணி சுற்றி வைத்து, ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ மாற்றுங்கள். வீடு துடைக்கிற ஆளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். தினமும் தூசி தட்ட வேண்டியது அவர்தான்.

உங்கள் ஹாலின் பெரிய பொருள் பத்தாயம்தான், சந்தேகமே வேண்டாம். அதை நகர்த்துவது பற்றிப் பயந்திருக்கிறீர்கள். பெரிய பத்தாயங்கள் பெரும்பாலும் பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகிக் கோத்தவை. நல்ல ஆசாரி ஒருவர் இருந்தால் ஆணி பிடுங்காமலே கழற்றிவிடலாம். கழற்றும்போது பலகைகளின் உள்பக்க ஓரத்தைப் பாருங்கள். உளியால் ஒரு கோடு, இரண்டு கோடு, ஒரு பெருக்கல் குறி என்று அடையாளம் வெட்டியிருக்கலாம். முதலில் செய்த ஆசாரி, எந்தப் பலகை எதற்குப் பக்கத்தில் என்று தனக்கே எழுதிவைத்த குறிப்பு அது. அப்படி இருந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் சாக்பீஸால் எண் போடுங்கள்.

யாராவது அதை அறுத்து டீப்பாயும் டிவி ஸ்டாண்டும் செய்யலாம் என்பார்கள். செய்யாதீர்கள். அறுத்த பத்தாயம் வெறும் பலகை. முழுசாக வைத்தால் மூடிமேல் மெத்தை போட்டு மூன்று பேர் உட்காரலாம். உள்ளே வீட்டின் அத்தனை பாயும் தலையணையும் விருந்தாளிப் போர்வையும் போகும். 1,100 சதுர அடி வீட்டில் அந்த இடம் பொன்னுக்குச் சமம். உயரம் கூடுதலாக இருந்தால் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் பரிமாறும் பலகையாக நிறுத்துங்கள்.

மரம் எதுவென்று பார்ப்பது எளிது. நம் பக்கத்துப் பழைய சாமான்கள் அதிகமும் அயனி, பலா, தேக்கு; வசதியான வீடுகளில் ஈட்டி மரமும் (ரோஸ்வுட்) உண்டு. பலா புதிதில் மஞ்சளாக இருக்கும், வயசாக ஆகத் தேன் நிறத்துக்கும் பிறகு கடும் பழுப்புக்கும் போகும். அந்த நிறம் மேல்தோலில்தான் இருக்கிறது. சாண்டர் மிஷின் வைத்துத் தேய்த்தால் அரை மணி நேரத்தில் ஐம்பது வருஷ நிறம் தூளாகப் பறந்துவிடும். என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் சண்டை போடுவது இதற்குத்தான். ஈரத்துணியைப் பிழிந்து துடையுங்கள், காயவிடுங்கள், பிறகு காய்ச்சிய ஆளி விதை எண்ணெயில் தேன்மெழுகு கரைத்து மெல்லிசாகத் தேய்த்து எடுங்கள். தேன்மெழுகுக்கு எங்கும் அலைய வேண்டாம், மார்த்தாண்டத்துத் தேன்காரர்களிடம் கிடைக்கும். எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். ஆளி விதை எண்ணெய்த் துணி குவியலாகக் கிடந்தால் தானே சூடாகித் தீப்பிடிக்கும். பளபளக்கிற மெலமைன் பாலிஷ் அடித்த பத்தாயம் கல்யாண மண்டபத்து நாற்காலி மாதிரி ஆகிவிடும், அது என் கருத்து.

வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்னால் ஒரு சோதனை. கார் ஷெட்டிலோ திண்ணையிலோ, நாலு காலுக்கும் கீழே கறுப்பு சார்ட் பேப்பர் விரித்து இரண்டு மூன்று வாரம் நிறுத்துங்கள். பேப்பரில் மாவு மாதிரி வெளிர் தூள் விழுந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. ஓட்டை மட்டும் இருந்து தூள் விழவில்லையென்றால் அது பழைய கதை, பயப்பட வேண்டாம். வண்டு இருந்தால் போராக்ஸும் போரிக் ஆசிட்டும் கலந்த கரைசலைப் பூச்சில்லாத பக்கத்தில் பிரஷால் தடவி, ஓட்டைகளில் ஊசியால் செலுத்தி, நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் பூசலாம். மழைத்தண்ணீர் பட்டால் இந்த மருந்து கரைந்து போய்விடும், வீட்டுக்குள் நிற்கிற சாமானுக்குத்தான் சரிப்படும். சிதலுக்கு வேறு வழி: காலை நேரடியாகத் தரையில் வைக்காமல் கருங்கல் துண்டின்மேல் ஏற்றுங்கள், பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டாமல் மூன்று விரல் இடம் விடுங்கள். ஒட்டி நிறுத்தினால் பின்னால் மண்புற்று ஏறுவது கண்ணுக்கே தெரியாது.

ஊருக்கு ஊர் சங்கதி மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இரும்புதான் தலைவலி. கீல், ஸ்குரூ எல்லாம் பித்தளையிலோ 316 ரக ஸ்டெயின்லெஸ்ஸிலோ போட்டால்தான் நிற்கும். குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம். அங்கே ஓலையும் தோலும் காகிதமும் பூஞ்சை பூத்துப்போகும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் தலைகீழ். காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்றில், குலசேகரத்தில் இருந்து கொண்டுபோன மேசைப்பலகை இறுகி வெடிப்பு விடும். நாகர்கோவில் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் நீங்கள் தப்பித்தீர்கள், ஆனால் ஏசி போடுகிற அறையில் பெரிய மரப்பலகைகளை வைக்காதீர்கள்.

இனி உருளி. உங்களிடம் இருப்பது வெண்கலமா பித்தளையா என்று தெரியவில்லை என்கிறீர்கள். விரல் முட்டியால் விளிம்பில் தட்டுங்கள். செம்பு முக்கால் பங்குக்கு மேலும் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்கு போலவும் சேர்ந்த வெண்கலம் கோயில் மணி வார்க்கும் உலோகம். ஓசை நீண்டு நிற்கும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை சட்டென்று அடங்கிவிடும். கீழே விழுந்தால் பித்தளை நெளியும், வெண்கலம் விரிசல் விடும். நல்ல வெண்கலம் "டொக்" என்று மட்டும் சொன்னால் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, அதை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

அடுத்து அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பின் வெளிப்பக்கத்தைச் சாய்ந்த வெயிலில் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். பெயருக்குப் பக்கத்தில் 1105, 1112 என்று நாலு இலக்க எண் இருந்தால் குழம்ப வேண்டாம், அது கொல்லம் ஆண்டு. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால் திருவிதாங்கூர். பத்திரமும் பாத்திரமும் கொல்லம் கணக்கில்தான். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை என்றால் 824-ஐயும், அதற்குப் பிறகு என்றால் 825-ஐயும் கூட்டுங்கள். 1105 என்றால் 1929-30. பாட்டி கல்யாணம் எந்த ஆண்டு என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்; சீராக வந்த உருளியா, தாத்தாவின் அம்மா வாங்கியதா என்பது அநேகமாக அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். இப்படி எழுத்துள்ள உருளி உங்கள் ஏழில் ஒன்று இருந்தாலும் வைத்துக்கொள்ள வேண்டியது அதுதான், அது சப்பையாக இருந்தாலும் சரி.

எழுத்தில் "உபயம்" என்றோ கோயில், சர்ச், பள்ளிவாசல் பெயரோ இருந்தால் விஷயம் வேறு. யாரோ சாமிக்குக் கொடுத்தது எப்படியோ வெளியே வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடந்தால் உரிய இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடையில் பார்த்தால் வாங்காதீர்கள். விக்கிரகம், பலிபீட விளக்கு, பழைய மரச்சொரூபம் எதுவானாலும் கடைக்காரர் என்ன கதை சொன்னாலும் தள்ளி நில்லுங்கள். சிலைத் திருட்டைப் பார்க்கவென்றே தமிழ்நாடு காவல்துறையில் தனிப் பிரிவு இருக்கிறது, அவர்கள் கேட்கும்போது "அழகா இருந்துச்சு, வாங்கினேன்" என்பது பதிலாகாது.

துலக்குவதைப் பற்றி. தினமும் கையில் எடுக்கிற குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேயுங்கள், அது துலங்கினால்தான் அழகு. சும்மா நிற்கிற உருளியையும் கிண்டியையும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும். பச்சையாகக் களிம்பு பிடித்த இடத்தை மட்டும் எலுமிச்சையும் உப்பும் வைத்து எடுத்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் காட்டிவிடுங்கள். புளித்தண்ணீர் வெட்டிய எழுத்துக்குள் தங்கினால் அங்கேயே திரும்பக் களிம்பு வரும்.

உருளியில் தண்ணீர் ஊற்றித் தோவாளைப் பூ மிதக்கவிட்டு வாசலில் வைக்கும் பழக்கம் இப்போது எல்லா வீட்டிலும் பரவியிருக்கிறது. எனக்கு அது ஹோட்டல் வரவேற்பறை ஞாபகத்தைத்தான் தருகிறது. வைக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும், முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முற்றத்தில் போடப்போகிற உரலுக்கும் ஆட்டுரலுக்கும் இதே கதை: குழியில் மணல் நிரப்பிச் செடி வையுங்கள், அல்லது கவிழ்த்து உட்காரப் போடுங்கள். அம்மியை மட்டும் அடுக்களைக்குப் பின்னால் இடுப்பு உயரத் திண்டில் ஏற்றிவிடுங்கள். தேய்ந்திருந்தால் மயிலாடிக் கல்தச்சர்களிடம் கொடுத்துக் கொத்தி வாங்கலாம். உருளிக்கு நல்ல வேலை அடுப்புதான். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் அதில் பாயசம் கிண்டி, மற்ற நாட்களில் அடுக்களைத் திறந்த தட்டில் கவிழ்த்து வையுங்கள்.

பரணிகளில் பெரியது குடை வைக்க. நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் குடை வாசலில் சொட்டிக்கொண்டுதான் நிற்கிறது. சிட்அவுட்டில் அதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சிறியவற்றில் உள்பூச்சு நுண்ணிய கோடுகளாக விரிந்திருந்தால் ஊறுகாய் போட வேண்டாம். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, புளிப்பு அதை இழுக்கும்.

தாத்தாவின் பனையேற்றுச் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முருக்குத்தடி (மரமேற உதவும் தடி), பாளை அருவா, அருவாப்பெட்டி, சுண்ணாம்பு தடவிய கலயம், தளைநார் (ஏறும்போது காலில் மாட்டும் நார்). இவற்றைச் சுவரில் அலங்காரமாக மாட்டலாமா என்று தயங்குகிறீர்கள், "ஆட்கள் என்ன நினைப்பாவளோ" என்று. என் அபிப்பிராயம், ஹாலிலேயே, வாசலில் நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டுங்கள். நாளுக்கு இரண்டு வேளை மரமேறிய மனிதர் அந்த வீட்டைக் கட்டினார் என்றால், அந்த வீட்டின் சாமான்களில் முதல் இடம் அதற்குத்தான். ஆனால் ஒன்றாகக் கொத்தாகத் தொங்கவிடாதீர்கள். முருக்குத்தடியின் பிடியில் கை பட்டுப் பட்டு வழுவழுப்பான இடம் இருக்கும். அந்தப் பக்கம் வெளியே தெரியட்டும். அருவாவின் துருவை எண்ணெய்த் துணியால் துடைத்து நிறுத்துங்கள், தீட்டிப் பளபளப்பாக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கீழே ஒரு சின்ன அட்டையில் அவர் பெயர், ஊர், எந்தக் காலம் வரை ஏறினார் என்று எழுதுங்கள்.

இதையே கடையில் விலைக்கு வாங்கி "கிராமத்து லுக்" என்று மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு முகம் சுளிக்கும். யார் கை பட்டது என்று தெரியாத தடியைச் சுவரில் வைத்து என்ன செய்ய?

ஓலைச் சாமான்கள், அதாவது கடவம், கொட்டான், சுளவு, பழைய அடுக்களைகளில் வருஷக்கணக்கில் நின்றதற்குக் காரணம் அடுப்புப் புகை. கேஸ் அடுப்பில் அது கிடையாது, ஆடி மாசத்தில் பூத்துவிடும். ஈரம் தெரிந்தால் உலர்ந்த பிரஷால் தட்டி, இளவெயிலில் வையுங்கள். சுளவும் கொட்டானும் உள்ளியும் வெங்காயமும் போட்டு வேலையில் இருந்தால் காற்றுப் பட்டுக் கெடாமல் இருக்கும். கெட்டால் போகட்டும், பனையோலை முடைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், புதிதாக வாங்குங்கள்.

படங்களுக்கு இடம் தேர்வு செய்யும்போது வெளிச்சுவர் வேண்டாம், அதிலும் தெற்கு, மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) அங்கேதான் சாத்தும், உள்ளே ஈரம் இறங்கும். அறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் நல்லது. பழைய சட்டங்களில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கும். பிய்த்து எடுக்கப் பார்த்தால் முகம் கண்ணாடியில் போய்விடும். ஒட்டியிருந்தால் ஒட்டினபடியே நல்ல ஸ்கேனரில் பிரதி எடுத்து, பிரதியை மாட்டுங்கள். ஒட்டாததை ஓரம் சுற்றி அட்டைப் பட்டை கொடுத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்னால் கீழ் இரண்டு மூலையிலும் ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் நடுவே காற்று ஓடும். எல்லாவற்றையும் ஒரே சுவரில், பெரியதும் சிறியதுமாகக் கலந்து, சட்டங்களுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளியில் மாட்டுங்கள். கூட்டத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலே முக்கால் அடி. உட்கார்ந்தே பேசுகிற ஹால் என்றால் அரை அடி இறக்கலாம். நம் வீடுகளில் கதவு நிலைக்கு மேலே, உத்திரத்தைத் தொடும்படி படம் மாட்டிவிட்டு அண்ணாந்து பார்ப்போம், அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பாட்டியின் லேஸைச் சட்டம் போடச் சொன்னால் கடைக்காரர் பசை தடவுவார், விடாதீர்கள். துவைத்துக் கஞ்சி போன கெட்டி நீலப் பருத்தித் துணியில் அங்கங்கே மெல்லிய நூலால் தைத்துவிட்டுத்தான் கண்ணாடி போட வேண்டும். நாகர்கோவிலில் இந்த லேஸ் வேலை 1820-ஐ ஒட்டி, லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் உள்ளூர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் தொடங்கியது. நூறு வருஷத்துக்கு மேலாகக் கைமாறி வந்த வேலை அது. வெயில் நேரடியாகப் படாத படுக்கையறைச் சுவர் அதற்குச் சரியான இடம்.

அப்பாவின் சேகரிப்பை ஹாலில் கொட்டி வைக்க வேண்டாம். ஆழமில்லாத ஓர் இழுப்பறை, மேலே கண்ணாடி, உட்காருகிற நாற்காலிக்குப் பக்கத்தில் மேசை உயரத்தில். வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள், பேச்சு தானாக வரும். ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு, நாலு சக்கரம் ஒரு பணம் என்ற கணக்கை ஓர் அட்டையில் எழுதி உள்ளே வையுங்கள். கணக்குப் பாடம் படிக்கிற பிள்ளைகள் அதைவிட்டு நகராது. வெள்ளிச் சக்கரம் குட்டியாக இருப்பதால் எண்ணுவதற்கு வரிசை வரிசையாகக் குழி வெட்டிய பலகை வைத்திருந்தார்கள். பாட்டி வீட்டில் அப்படி ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டை கிடந்தால் விறகோடு போட்டுவிடாதீர்கள். காசைத் துலக்கவே கூடாது, மதிப்பும் போகும் உருவமும் போகும். மெத்தென்ற பி.வி.சி. உறைகள் பச்சைப் பிசுக்கு விடும், மாற்றிவிடுங்கள். சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள் 1888-ல் தொடங்கியவை, அஞ்சல் துறை 1951-ல் இந்தியத் தபாலோடு இணைந்தது. தலை ஒட்டிய உறையே இருந்தால் தலையைக் கிழித்து எடுக்காமல் உறையோடு வையுங்கள். ஊர் முத்திரையில் தக்கலை, கல்குளம் என்று எழுத்துத் தெரிந்தால் உங்களுக்கு அது தனி ஒட்டாத தலையைவிட மேல்.

கடல் சாமான்களில் கவனம் தேவை. வலம்புரி, இடம்புரிச் சங்கு, கரையில் பொறுக்கிய சாதாரணச் சிப்பி சரி. ஆனால் பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல் குதிரை, நாட்டிலஸ், ராட்சதச் சிப்பி (giant clam), கொம்புள்ள தலைக்கவசச் சங்கு இவையெல்லாம் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. பழைய வீட்டில் மாட்டியிருக்கும் மான் கொம்பும் அப்படியே. உரிமைச் சான்று இல்லையென்றால் வைத்திருப்பதே குற்றம், வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. கண்ணாடி ஜாடியில் நிற நிறமாக மணல் அடுக்கும் ஆசை உள்ளவர்கள் மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலில் கை வைக்க வேண்டாம். அதில் இல்மனைட்டோடு மோனசைட்டும் உண்டு, மோனசைட்டில் தோரியம் உண்டு. படுக்கையறை அலமாரியில் வைக்கும் சாமான் அது அல்ல.

துபாயில் இருக்கும் உங்கள் அண்ணன் ஒரு விளக்கும் ஓலைச்சுவடியும் கேட்கிறார் என்றீர்கள். 100 வருஷம் தாண்டிய கலைப்பொருளும் 75 வருஷம் தாண்டிய சுவடியும் 1972-ஆம் ஆண்டின் தொன்மைப் பொருள் சட்டத்தில் வரும். தனியார் வெளிநாடு கொண்டுபோக அனுமதியில்லை. வயசு குறைந்ததுதான் என்றாலும் பார்க்கப் பழசாக இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் தொன்மைப் பொருள் அல்ல என்று சான்று வாங்கிய பிறகே பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டை இடிக்கும்போது அஸ்திவாரத்தில் காசுக்குடமோ சிலையோ கிடைத்தால் அது உங்கள் பங்கில் சேராது. 1878-லேயே புதையல் சட்டம் இருக்கிறது, மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

புதிதாக வாங்கிச் சேர்ப்பது பற்றியும் கேட்டீர்கள். இப்போது வேண்டாம். இருப்பதை வைத்து ஒரு வருஷம் வாழ்ந்து பாருங்கள். பிறகும் ஒரு கதவோ ஜன்னலோ வேண்டுமென்றால் ஓட்டு வீடு இடிக்கிற காண்டிராக்டர்களிடம் சொல்லி வையுங்கள், பழைய மரக்கடைக்குப் போவதற்கு முன் அங்கே பாதி விலைக்குக் கிடைக்கும். ஆசிட் ஊற்றிக் கறுப்பாக்கிய புதுப் பித்தளை நிறைய உலவுகிறது. நிஜமாகப் பழசு என்றால் கை பிடிக்கும் இடமும் அடியும் தேய்ந்திருக்கும், மூலை முடுக்குக் கறுத்திருக்கும். எல்லா இடமும் ஒரே கறுப்பு என்றால் வாங்காதீர்கள். பழைய கதவு நிலைகள் குட்டை, இன்றைய ஏழு அடிக் கணக்குக்கு வராது. தலை இடிக்காத இடத்தில் கண்ணாடிச் சட்டமாகவோ கட்டில் தலைமாட்டாகவோ போடலாம். உங்கள் பாட்டி வீட்டிலேயே உடையாத ஓடுகள் கொஞ்சம் எடுத்துவையுங்கள், சிட்அவுட் சரிவுக்கு ஆகும்.

விளக்கு வெளிச்சம் மஞ்சளாக, 2700 கெல்வின் எல்.இ.டி. போதும். செதுக்கல் உள்ள மரத்துக்கு நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து சாய்வாகக் கொடுங்கள்.

மற்றதெல்லாம் மெல்லச் செய்யலாம். ஊஞ்சல் மட்டும் அவசரம். வார்த்து முடித்த கூரையில் ஓட்டை போட்டு ஆங்கர் போல்ட் அடித்து ஊஞ்சல் தொங்கவிடுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மூன்று பேர் உட்கார்ந்து ஆடுகிற பாரம் நின்று தொங்குகிற பாரத்தைப் போல அல்ல. கொக்கி பீமின் கம்பியோடு கட்டப்பட்டுக் கான்கிரீட்டுக்குள் போக வேண்டும், உங்கள் இன்ஜினியரிடம் பீம் எங்கே வருகிறது என்று கேளுங்கள். பலகையை எடுத்துப்போய், சங்கிலி கோக்கும் துளைகளுக்கு நடுவே எத்தனை அங்குலம் என்று அளந்து, அதே தூரத்தைச் சென்ட்ரிங் பலகையில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். ஆடும் திசையில் முன்னும் பின்னும் மூன்று மூன்று அடியாவது காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்தாயம் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் கொக்கியாகச் சொல்லுங்கள். கம்பி கட்டுகிற ஆட்கள் மேலே நிற்கும்போதே நீங்களும் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு இறங்குங்கள், கான்கிரீட் வண்டி வந்த பிறகு யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.